ஆட்டிக் காட்டும் மாமா

தென்னரசு என்கிற பெயரைப் பாஞ்சாலை முதன்முதலில் கேட்டது, தம்பி திருமலைக்குப் பெண் பார்க்கப் பெரணமல்லூருக்குப் போன அன்று. கேசரியும் காராபூந்தியும் வந்தாயிற்று. பெண் பவித்ரா வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போயாயிற்று. யார் யாருக்கு என்ன முறை என்று பெரியவர்கள் அலச ஆரம்பித்தார்கள். அலசினால்தானே தெரிகிறது, பெண்ணின் பெரியம்மாவைக் கட்டினவர் பாஞ்சாலையின் மாமனாருக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று! அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“பவித்ராவுக்கு ஒரே தம்பிங்க. பேரு தென்னரசு. வேலூர்ல பைக் ஷோரூம்ல சேல்ஸ்ல கீறான். யார் ஊட்டுக்குப் போனாலும் வெறுங்கையோட போவமாட்டான்.”

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் பாஞ்சாலை. பாவம், அப்போது அவளுக்கு என்ன தெரியும்?

மாமன்மாரில் எத்தனையோ வகை. சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து குறட்டை விடும் மாமா உண்டு. பந்தியில் உப்பு குறை என்று எழுந்துபோகும் மாமா உண்டு. பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டு, “நம்ம கலரு” என்று சொல்லும் மாமா உண்டு. இவர்களை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது சொல்ல வந்தது வேறு ஒரு வகை. ஆட்டிக் காட்டுகிறவர்.

உங்களுக்கும் இவரைத் தெரியும். மாமாவாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. சித்தியாக வருவார், அப்பாவின் ஆபீஸ் சிநேகிதராக வருவார், மாடி வீட்டு சாராக வருவார். எப்படி வந்தாலும் கையில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஒரு பொம்மை இருக்கும். பொம்மையைக் கொண்டுவந்தோமா, கொடுத்தோமா, காபி குடித்தோமா, கிளம்பினோமா என்று இருக்கமாட்டார். பிள்ளை அதை வைத்து விளையாட வேண்டும். அவர் கண்ணெதிரே விளையாட வேண்டும். இப்போதே விளையாட வேண்டும். பெட்டியை அவரேதான் பிரிப்பார். ஸ்க்ரூ டிரைவர் கேட்பார். வீடே ஸ்க்ரூ டிரைவர் தேடும். கடைசியில் வெங்காயம் நறுக்கும் கத்தியால் மூடியைத் திருகி, பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு, கழற்றி, நேராகப் போட்டு, கீழே வைப்பார். அது கத்தும். சிவப்பும் நீலமுமாக மின்னும். சுற்றிச் சுற்றி ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்று கத்தும். “பார்ரா செல்லம், பார்ரா, பார்ரா” என்று அதைப் பிள்ளையின் மூக்குக்கு நேராகத் தூக்கி ஆட்டுவார். பிள்ளை என்ன செய்யும்? பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடும்.

வெறும் அட்டைப்பெட்டி. அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும், நக்கிப் பார்க்கும், ஒரு காலை உள்ளே விட்டு இன்னொரு காலுக்கு இடமில்லையே என்று யோசனை செய்யும். ஆட்டிக் காட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். ஆனாலும் விடமாட்டார்.

திருமலைக்கும் பவித்ராவுக்கும் இளமதி பிறந்தாள். தவழ ஆரம்பித்ததும் அந்த வீட்டை முழுசாக ஆய்வு செய்ய ஆரம்பித்தாள். திருமலை வீடு ஆரணியில் நெசவுக்காரர்கள் தெருவில் இருக்கிறது. பாஞ்சாலையைக் கட்டிக்கொடுத்ததும் அடுத்த வீட்டில்தான். நடுவில் ஒரே சுவர். அக்காவும் தம்பியும் இன்றைக்கும் ஒரே கூடத்தில் தறி போட்டு நெய்கிறார்கள். ஆகவே இளமதியின் ஆய்வுகளை ஆதியிலிருந்து பார்த்தவள் அத்தை பாஞ்சாலைதான்.

இளமதிக்கு எதில் பிரியம் என்று கேட்கிறீர்களா? இட்லிக் குண்டான் மூடியில். அதைத் தரையில் உருட்டிவிட்டு, அது தள்ளாடித் தள்ளாடிச் சத்தமெல்லாம் அடங்கிப் படுக்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டாள். டீ வடிகட்டியில் பிரியம். அதன் வழியாகத்தான் அப்பாவைப் பார்ப்பாள். துணி கிளிப், தேங்காய் நார், கதவுத் தாழ்ப்பாள், யாருடையதானாலும் சரி ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும்விட உயிர் எதில் என்றால், நூல் தீர்ந்துபோன தார்க்குச்சியில். நெய்யும்போது குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள்ளே நூல் சுற்றிப் போடுகிற சின்னக் குச்சி அது. தறிக்கூடத்துக்குள் வந்துவிடாமல் அதன் வாசலில் குறுக்கே பலகை வைத்திருந்தார்கள். இளமதி அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று கையை நீட்டுவாள். பாஞ்சாலை காலிக் குச்சி ஒன்றைப் போடுவாள். குழந்தை அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தாசில்தார் மனு வாங்கிவைத்த மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் கையை நீட்டுவாள்.

இந்தப் பிள்ளைக்குத்தான் தென்னரசு பொம்மை வாங்கிக்கொண்டு வந்தான்.

ஞாயிறு தவறாமல் வருவான். பேசும் கிளி, பாடும் பசு, விளக்கெரியும் ரயில், கை தட்டினால் குட்டிக்கரணம் போடும் குரங்கு. பைக் விற்ற வாய் அல்லவா? பொம்மையையும் அப்படித்தான் விற்பான். “அண்ணி, சவுண்டு கேட்டீங்களா? த்ரீ டைப் சவுண்டு. லைட்டு பாருங்க, எல்இடி. ஓடுற ஓட்டம் பாருங்க, இன்னா பிக்கப்பு!” என்று, பங்காளி முறையில் அண்ணியான பாஞ்சாலையிடம் சொல்வான். பாஞ்சாலையா விளையாடப் போகிறாள்? பெட்டியில் மூன்று வயசுக்கு மேல் என்று போட்டிருக்கிறதே தம்பி என்று திருமலை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “அதெல்லாம் மத்த பசங்களுக்கு மாமா. நம்ம பாப்பா ஷார்ப்பு” என்றுவிட்டான்.

ஷார்ப்பான பாப்பா கிளியைப் பார்த்த மாத்திரத்தில் வீறிட்டு அழுதாள். பசுவைப் பார்த்து அழுதாள். குரங்கு குட்டிக்கரணம் போட்டபோது அழுத அழுகையில் பக்கத்துத் தெருவில் தறி நின்றுவிட்டது. நாலைந்து ஞாயிறு போனதும் பொம்மை வெளியே வருவதற்குள்ளேயே, தென்னரசு முகத்தைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தாள். குழந்தை பேரில் என்ன தப்பு? அவள் கணக்கில் மாமா என்றால் சத்தம் போட்டு மின்னுகிற ஒரு சாமான். அழுகிற பிள்ளை அப்படியே பாஞ்சாலை தோளுக்குத் தாவும். “இன்னாடி கண்ணு, மாமாதானே” என்று வாய் சமாதானம் சொல்லும். ஆனால் பாஞ்சாலைக்கு உள்ளே வெல்லம் கரைந்த மாதிரி இருக்கும். அத்தைக்கும் மாமனுக்கும் நடுவில் பிள்ளை அத்தையிடம்தான் வருகிறது என்றால், அத்தைக்கு இனிக்காதா?

பொம்மைகளை என்ன செய்வது? பாவு நூல் வந்த கோணிப்பையில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். அதோடு விட்டதா? வந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, “ரயில் எங்கக்கா?” ஆட்டிக் காட்டுகிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். கொடுத்த பொம்மை ஒவ்வொன்றையும் விசாரிப்பார்கள், வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணை விசாரிக்கிற மாதிரி.

அதற்கும் அந்த வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலூரிலிருந்து பஸ் ஏறினால் கண்ணமங்கலம் தாண்டியதும் தென்னரசு போன் செய்வான். “அக்கா, கண்ணமங்கலம் தாண்டிட்டேன், டிபன் வேணாம், சாப்பாடே சாப்புட்டுக்கிறேன்.” போனை வைத்ததும் வீடு பரபரக்கும். திருமலை நெய்கிற புடவையை அப்படியே விட்டுவிட்டுப் பரணில் ஏறுவான். கோணிப்பை இறங்கும். பவித்ரா ரயிலை அலமாரி ஓரம் கவிழ்த்துப் போடுவாள், இப்போதுதான் விளையாடிவிட்டுப் போட்ட மாதிரி. பாஞ்சாலை கிளியின் மேல் கொஞ்சம் சோற்றுப் பருக்கையைத் தடவி வைப்பாள். அது அவளுடைய சொந்த யோசனை. ஜல்தி ஜல்தி என்று எல்லாம் பரப்பி முடிப்பதற்கும், தெருமுனையில் அவன் தலை தெரிவதற்கும் சரியாக இருக்கும்.

“பாத்தீங்களா அண்ணி, கிளிக்கு சோறெல்லாம் ஊட்டியிருக்குது!” என்று பூரித்துப்போவான் தென்னரசு. யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு இந்த நாடகம் குலைந்தது. போன் செய்யாமல் சிநேகிதன் பைக்கில் வந்து இறங்கிவிட்டான். கூடத்தில் ஒரு பொம்மை இல்லை. நடுவில் இளமதி உட்கார்ந்து, குழம்புக் கரண்டியால் இட்லிக் குண்டான் மூடியை யோசித்து யோசித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தென்னரசு வாசலிலேயே நின்று பார்த்தான். முகம் வாடியிருக்க வேண்டும் அல்லவா? வாடவில்லை. மலர்ந்தது. “இத்தினி நாளு சொல்லவே இல்லியே அக்கா! பாப்பாவுக்கு சமையல்ல இன்ட்ரஸ்ட்டா?”

அடுத்த வாரம் வந்தது, பிளாஸ்டிக் சமையல் செட். பிளாஸ்டிக் குண்டான், பிளாஸ்டிக் மூடி, பிளாஸ்டிக் கரண்டி. கரண்டியால் குழம்பைக் கலக்கினால் கொதிக்கிற சத்தம் வரும். இளமதி பிளாஸ்டிக் மூடியை ஒருதரம் தரையில் போட்டாள். டொக் என்றது. உருளவில்லை, தள்ளாடவில்லை, பாடவில்லை. இப்படியும் ஒரு மூடியா என்று பார்த்துவிட்டு, அதைத் தாண்டி, தவழ்ந்து, சமையலறைக்குப் போய்விட்டாள்.

“தறி வூட்டுப் புள்ள இல்ல? தறிதான் வேணும்” என்று தானே முடிவு செய்தான். சேவூரில் ஒரு தச்சரைப் பிடித்து, தேக்கில் ஒரு குட்டித் தறி செய்து, சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், தறி அழகாகத்தான் இருந்தது. தெருவே வந்து பார்த்தது. மீசை நரைத்த நெசவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “நாடா சிக்குது பாரு”, “மிதி இன்னும் கொஞ்சம் எறக்கணும்” என்று பொழுதுசாய அதை வைத்து விளையாடினார்கள். திருமலை ஒரு கைக்குட்டை அகலத்துக்கு நெய்தே விட்டான். இளமதி? சாக்குக்குள் புகுந்து தூங்கிப்போயிருந்தாள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். காது குத்த நாள் குறித்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

காது குத்து என்றால் தாய்மாமன் மடி. யார் வீட்டு வழக்கமானாலும் இதில் மாற்றம் இல்லை. மாமன் சீர்த்தட்டோடு வர வேண்டும், தோடு வாங்கிவர வேண்டும், சபையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், பிள்ளையை மடியில் வாங்க வேண்டும். பிள்ளை மடியில் உட்காராமல் போனால்? அப்படி ஆன மாமன் ஒருவர் உண்டு. பாஞ்சாலைக்குச் சின்ன மாமனார் முறை, ரங்கசாமி என்று பெயர். அவருடைய அக்காள் மகன் மடியில் வைத்ததும் அவர் கையைக் கடித்துவிட்டு ஓடிப்போய் ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். பெரியப்பா மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அந்த அக்காள் மகனுக்குப் பேரன் பிறந்தாயிற்று. இன்றைக்கும் ரங்கசாமி ஒரு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தால், யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், “கடிச்சானே, அந்த மாமன்” என்று அடையாளம் சொல்லாமல் இருப்பதில்லை. மனிதர் வாத்தியாராக இருந்தார், வீடு கட்டினார், ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இருந்தார். எதுவும் நிற்கவில்லை. கடிதான் நின்றது.

இது தென்னரசுக்கும் தெரியும். நாள் குறித்ததிலிருந்து அவன் பேச்சே குறைந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே சீர்த்தட்டு சாமான்களோடு ஆரணிக்கு வந்துவிட்டான். தோட்டை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பாஞ்சாலையிடம் கொடுத்தான். “அண்ணி, மூடி லூஸா கீது. எங்கனா கொட்டிடப் போவுது. நீங்களே பத்திரமா வெச்சிக்கோங்க.” வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “நாளைக்கு மடியில குந்துவா இல்ல அண்ணி?” என்றான்.

அவன் எதையும் ஆட்டாமல் கேட்ட முதல் கேள்வி அது. “குந்துவா, குந்துவா” என்றாள்.

டப்பாவின் மூடி லூஸ்தான். தறியோரம் கிடந்த துண்டுப் பட்டு நூலை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு வைத்தாள். என்ன முடிச்சு போட்டோம் என்று பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகின விரல்கள். அவை ஒரே ஒரு முடிச்சைத்தான் அறியும். புடவை கிழிந்து போனாலும் போகும், அந்த முடிச்சு அவிழாது.

குலதெய்வம் படவேட்டில். காலையில் இரண்டு வேன் நிறைய இரண்டு பக்கத்து ஜனமும் போய் இறங்கினார்கள். பாஞ்சாலை மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பொங்கல் பானை வைத்தாள். எதிரே ஜமுக்காளம் விரித்து, தட்டுகளைப் பரப்பி, ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தென்னரசு பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சும்மா உட்கார்ந்தானா? இல்லை. வேனிலிருந்து இறக்கியிருந்த ஒரு பெரிய பெட்டியைப் பக்கத்தில் இழுத்து, உள்ளேயிருந்து ஒரு போலீஸ் காரை எடுத்து, பிள்ளை வருவதற்குத் தோதாகச் சைரனைப் போட்டு வைத்தான்.

பவித்ரா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். இளமதி மாமாவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். கோயில் புறாவெல்லாம் பறந்துபோகிற மாதிரி ஓர் அலறல்.

“மாமா இல்ல கண்ணு, அழாதடி, மாமா பாரு” என்று தென்னரசு காரைத் தூக்கி ஆட்டினான். அலறல் ஏறியது. காரை நிறுத்திவிட்டு சீர்த்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை ஆட்டினான். ஆப்பிளை ஆட்டினான். கடைசியில் தன் செல்போனை ஆட்டினான். பவித்ரா பிள்ளையை மடியில் இறக்கப் பார்த்தாள். அது வில்லாக வளைந்து, காலை உதைத்து, அம்மாவின் பின்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

“இன்னாடி இது, மாமனப் பாத்து பேயப் பாத்தமாரி கத்துது” என்றாள் பெரணமல்லூர்க்காரி ஒருத்தி. அதோ, ஆரம்பித்துவிட்டது. பந்தலில் அடையாளம் சொல்கிறவர்கள் இப்படித்தான் ஒரு வார்த்தையில் ஆரம்பிப்பார்கள்.

“டைம் ஆவுது” என்றார் ஆசாரி. “எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல கீது.”

திருமலை நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள்தான் இந்த மாதிரி நேரத்தில் தப்பானதைச் சொல்வார்கள். “பரவால்ல உடுப்பா தென்னரசு. பாப்பாவ ஏன் பேஜார் பண்ணணும்? தாத்தா மடியில குந்த வெச்சி குத்திடலாம்.”

தென்னரசு கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்தான். மடியில் கிடந்த துண்டை மடித்தான், விரித்தான், மறுபடியும் மடித்தான். அடுப்படியிலிருந்து பாஞ்சாலை அவன் முகத்தைப் பார்த்தாள். சிவப்பும் நீலமும் மின்னாத வெறும் முகம். வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தவன் முகம். அவளுக்கு உள்ளே வெல்லம் கரைவது நின்றுபோயிற்று.

“மடி யாரோடதுன்னு அப்புறம் பேசிக்கலாம்” என்றார் ஆசாரி. “தோட்ட எடுத்து வெளிய வைங்க மொதல்ல.”

பாஞ்சாலையின் பையிலிருந்து டப்பா தென்னரசு கைக்கு வந்தது. நூலை இழுத்தான். வரவில்லை. நகத்தால் நெம்பினான். முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, எள்ளளவு. பட்டு நூல், வியர்வைக் கையில் வழுக்கியது.

“கட்டர் கீது, நறுக்கிடவா?” என்றார் ஆசாரி.

“நறுக்காதீங்க!” என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் பாஞ்சாலை. “நல்ல காரியத்துல நூல அறுக்கமாட்டோம் நாங்க. அவுக்கணும்.” அந்த வீட்டு வழக்கம் அது.

“அண்ணி, நீங்க போட்ட முடிச்சா? வாங்களேன் ஜல்தி!” என்றாள் பவித்ரா.

பாஞ்சாலை எழுந்தாள். அவள் நகம் பட்டால் அது ஒரு நொடி வேலை. எழுந்தவள் அப்படியே நின்றாள். ஏனென்றால் அழுகை நின்றிருந்தது.

தென்னரசு யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, டப்பாவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு நூலோடு மல்லாடிக்கொண்டிருந்தான். பல்லால் கடித்துப் பார்த்தான். காதோரம் ஆட்டிப் பார்க்கவில்லை, யாருக்கும் காட்டவில்லை. அவனுக்கு மெய்யாகவே அது அவிழ வேண்டியிருந்தது. இளமதி அம்மாவின் இடுப்பிலிருந்து அதையே பார்த்தாள். இறங்கினாள். ஒரு தட்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு தேங்காயைத் தாண்டி, போலீஸ் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தாள். மாமன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, வாங்களேன்!” என்றாள் பவித்ரா, இப்போது தணிந்த குரலில்.

“கையெல்லாம் வெல்லம் ஒட்டிகினு கீது. இரு வரேன்” என்றாள் பாஞ்சாலை. பொங்கலைக் கிளறினாள். கிளற வேண்டிய பதம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் கிளறினாள்.

இளமதி ஒரு விரலால் நூலைத் தொட்டாள். “இரும்மா, இரு, நெம்பிகினு கீறேன்” என்றான் தென்னரசு, பக்கத்தில் வேலை செய்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அவள் ஒரு காலைத் தூக்கி அவன் தொடைமேல் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். திரும்பி, பொத்தென்று மடியில் உட்கார்ந்து, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பவித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மடி கனத்த பிறகுதான் தென்னரசுக்கே தெரிந்தது. மெல்ல நிமிர்ந்தான். கண் இரண்டும் பெரிதாயின. உடனே, ஐயோ, அந்த வகையின் சுபாவம் போகுமா? டப்பா பிடித்திருந்த கை மெதுவாக மேலே எழும்பியது.

“ஆட்டாதே!” என்று பாஞ்சாலை போட்ட சத்தம் வேனில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பிவிட்டது. டப்பா அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு பத்திரமாக மடிக்கு இறங்கியது.

பாஞ்சாலை கையைக் கழுவிக்கொண்டு வந்து பின்னாலிருந்து குனிந்து, டப்பாவை அவன் கையிலிருந்து வாங்காமலே, நகத்தால் முடிச்சை ஒரு தட்டுத் தட்டி அவிழ்த்துவிட்டாள். நூலை இளமதி எடுத்துக்கொண்டாள். ஆசாரி வேலையை முடித்தார். பிள்ளை அழுதாளா என்றால், அழாமல் இருப்பாளா? ஊசி ஊசிதான். ஆனால் அழுது மாமன் சட்டையில்தான் முகத்தைப் புதைத்தாள். பட்டுச் சட்டை முழுக்கச் சளி. தென்னரசு அதை அன்று முழுக்க மாற்றவில்லை, சாப்பிடும்போதுகூட. பொங்கல் அடி பிடித்திருந்தது. பெரணமல்லூர்க்காரி மட்டும் அதைச் சொன்னாள்.

சரி, ஆள் திருந்தினான் என்று நினைக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு கண்ணமங்கலத்திலிருந்து போன் வந்தது. “அக்கா, ஒரு புது அய்ட்டம். ஒரு பலகை. அதுல முடிச்சு கீது, பூட்டு கீது, தாப்பா கீது, ஸ்விட்ச்சு கீது. முடிச்ச அவுத்தா பாட்டு வரும்!” திருமலை தறியை விட்டுப் பரணில் ஏறினான்.

அப்புறம் தென்னரசுக்குக் கல்யாணம் ஆயிற்று. இந்த வருஷம் ஓர் ஆண் பிள்ளையும் பிறந்தது. பாஞ்சாலை பிள்ளையைப் பார்க்க வேலூருக்குக் கிளம்பினாள். அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் ஆரணி பஜாரைத் தாண்டும்போது கால் தானாக ஒரு கடையில் நின்றது. கிலுகிலுப்பை ஒன்று. சின்னதுதான், பேட்டரி கிடையாது, மின்னாது, அதனால் தப்பில்லை என்று தோன்றியது. கடையிலேயே ஆட்டிப் பார்த்து, சத்தம் போதாது என்று வேறு மாற்றி வாங்கினாள்.

பிள்ளை தொட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலை கிலுகிலுப்பையை ஆட்டினாள். பிள்ளை மின்விசிறியைப் பார்த்தது. இந்தப் பக்கம் வந்து ஆட்டினாள். அந்தப் பக்கம் போய் ஆட்டினாள். “ஏய் ராஜா, இங்க பாருடா, பெரிம்மா இன்னா வாங்கியாந்திருக்கேன் பாரு, பார்ரா, பார்ரா...”

“அண்ணி, அவன் தூங்குற நேரம்” என்றான் தென்னரசு.

“நீ சும்மா இருப்பா. இப்ப பாப்பான் பாரு” என்று சொல்லிவிட்டு, எட்டி ஸ்விட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தினாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனீர்களே, அங்கே பெட்டியை யார் பிரித்தது? பேட்டரியை யார் போட்டது? பிள்ளை பக்கத்து அறைக்குத் தவழ்ந்து போன பிறகும் தரையில் மண்டியிட்டு அதை ஓடவிட்டுக்கொண்டு இருந்தது யார்? உங்கள் குரல் தெருவில் கேட்டதும் அந்த வீட்டில் ஒருவர் அவசர அவசரமாகப் பரணில் ஏறி இறங்கியிருக்கலாம். யாரிடமும் கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள்.

தென்னரசு இப்போது வேலூர் சத்துவாச்சாரியில், ஒரு வாடகை வீட்டின் மாடியில், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். போகிறவர்கள் முன்னாடியே ஒரு போன் செய்துவிட்டுப் போங்கள்.